வேறு கம்ப்யூட்டரில் உள்ள போல்டர், உங்கள் கம்ப்யூட்டரில் டிரைவாக!

என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறிய ஊரில் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். கடையை மூடிய பின், பெட்டி பெட்டியாக இருந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யத் தொடங்கினார். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, பாஸ்போர்ட் சைஸ் என்று பாதி ஊர் அந்த நெகட்டிவ்களில் இருக்கிறது. விண்டோஸ் ஓட முடியாத அளவுக்குக் கிழடாகிப் போன ஒரு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

சென்ற பொங்கலுக்கு விண்டோஸ் 11 உள்ள ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். மேஜையில் வைத்து ஆன் செய்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, அந்தப் பழைய பெட்டியில இருக்கிற படமெல்லாம் இதுல வருமா?"

பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பா தினமும் பைல்களுக்குப் பெயர் மாற்றுவார், போல்டர் மாற்றுவார். இரண்டு இடத்தில் இரண்டு காப்பி இருந்தால், ஒரே மாதத்தில் எது சரியானது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். படங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பிலும் அவை சொந்த டிரைவில் இருப்பது போலவே திறக்க வேண்டும். இதற்காக உள்ளதுதான் நெட்வொர்க் பைல் சிஸ்டம். சுருக்கமாக என்.எப்.எஸ்.

மாடித் தொட்டியும் சமையலறைக் குழாயும்

தண்ணீர் இருப்பது மாடியில் உள்ள தொட்டியில். நீங்கள் திறப்பது சமையலறைக் குழாயை. குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக, குழாய்க்குள் தண்ணீர் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. என்.எப்.எஸ். முறையில் பழைய கம்ப்யூட்டர்தான் தொட்டி. லேப்டாப்பில் தெரியும் இசட் டிரைவ் வெறும் குழாய். பைல்களைக் கொடுக்கும் கம்ப்யூட்டரை சர்வர் என்றும், வாங்கிப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரை கிளையன்ட் என்றும் சொல்வார்கள்.

இதை 1984ஆம் ஆண்டில் உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காகப் பிறந்தது என்பதால், லினக்ஸில் இது இயல்பாக இயங்கும். விண்டோஸின் சொந்த வழி எஸ்.எம்.பி. என்ற வேறு ஒன்று. உங்கள் வீட்டில் இருப்பவை எல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் என்றால் எஸ்.எம்.பி.யே போதும், என்.எப்.எஸ். பக்கம் வரவே வேண்டாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. என் வீட்டில் அந்த டெஸ்க்டாப்பிலிருந்து என் லினக்ஸ் லேப்டாப்புக்கு ஏற்கெனவே என்.எப்.எஸ். மூலம் பைல்கள் வந்துகொண்டிருந்தன. அதனால் அதே வழியில் அப்பாவையும் சேர்த்தேன். வீட்டில் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரோ, நாஸ் எனப்படும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படும்.

முதலில் உங்கள் விண்டோஸ் எது என்று பாருங்கள்

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் என்ற சிறிய கட்டம் வரும். அதில் வின்வெர் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் விண்டோவில் ஹோம் என்றிருக்கிறதா, புரோ என்றிருக்கிறதா என்று பாருங்கள். என்.எப்.எஸ். கிளையன்ட் புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டுமே உண்டு. ஹோம் பதிப்பில் மைக்ரோசாப்ட் இதைத் தரவில்லை. கடையில் வாங்கும் புது லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். அப்பாவுக்கு நான் வாங்கியது ஒரு அலுவலகத்தில் பயன்படுத்தி விற்ற லேப்டாப். அதனால் புரோ இருந்தது.

உங்களிடம் ஹோம் இருந்தால் இதற்காக மட்டும் பணம் கொடுத்து புரோவுக்கு மாற வேண்டாம். சர்வராக உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் சம்பா என்ற இலவச சாப்ட்வேரை நிறுவினால், அது விண்டோஸின் எஸ்.எம்.பி. மொழியிலேயே பேசும். நாஸ் பெட்டியாக இருந்தால் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்.எம்.பி.யை ஆன் செய்தாலே போதும்.

கிளையன்ட்டை ஆன் செய்தல்

இது சுலபம். அதே ரன் கட்டத்தில் ஆப்ஷனல்பீச்சர்ஸ் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் பீச்சர்ஸ் என்ற பட்டியல் வரும். அதில் சர்வீசஸ் பார் என்.எப்.எஸ். என்ற வரியைத் தேடி, அருகில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்யுங்கள். உள்ளே கிளையன்ட் பார் என்.எப்.எஸ்., அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ் என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள்.

தொட்டியின் விலாசம்

டிரைவை இணைக்கும் முன் இரண்டு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, சர்வரின் ஐ.பி. முகவரி. எங்கள் வீட்டில் அது 192.168.1.10. இந்த முகவரியை ரூட்டர்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் வேறு எண்ணைக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. எனவே ரூட்டரின் செட்டிங்ஸில், இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் இதே எண் என்று ரிசர்வ் செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டதால் முதல் வாரத்திலேயே, "படத்தைக் காணோம்" என்று அப்பாவிடமிருந்து போன் வந்தது.

இரண்டாவது, சர்வர் எந்த போல்டரைப் பகிர்கிறது என்பது. லினக்ஸில் எக்ஸ்போர்ட்ஸ் என்ற பைலில் இது எழுதப்பட்டிருக்கும். ஒரு வரிக்கு ஒரு போல்டர்: முதலில் போல்டரின் பெயர், பின் எந்த ஐ.பி. முகவரிகளுக்கு அனுமதி, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் என்னென்ன அனுமதி. "ஒட்டி" என்று சொன்னதைக் கவனியுங்கள். முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். நீங்கள் குறிப்பிட்ட முகவரிக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் எழுதிய அனுமதிகள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரை எட்டக்கூடிய மற்ற அனைவருக்கும் போய்விடும். ஒரே ஒரு ஸ்பேஸ் பாருக்கு இவ்வளவு பலம்!

கறுப்பு விண்டோவில் ஒரு வரி

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்தால் கமாண்ட் ப்ராம்ட் கிடைக்கும். அதைத் திறங்கள். இங்கே இரண்டு தவறுகள் நிகழலாம். இரண்டையும் நான் செய்தேன்.

விண்டோஸ் 11ல் டெர்மினலைத் திறந்தால் வழக்கமாக பவர்ஷெல்தான் வரும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும், அதில் மவுண்ட் என்ற சொல்லுக்கு வேறு ஒரு வேலை உண்டு. அதனால் கீழே சொல்லப்போகும் கட்டளை அங்கு சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். அடுத்தது, கமாண்ட் ப்ராம்ட்டை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறக்காதீர்கள். அப்படித் திறந்து இணைத்தால், இணைந்துவிட்டது என்று செய்தி வரும், ஆனால் எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் தெரியாது. அட்மினிஸ்ட்ரேட்டரும் சாதாரணப் பயனாளரும் விண்டோஸுக்கு இரண்டு தனித்தனி ஆட்கள். ஒருவர் இணைத்த டிரைவ் மற்றவருக்குத் தெரியாது. இது புரியாமல் அரை மணி நேரம் அந்த லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டளையை நான் சென்னையிலிருந்து போனில் அப்பாவுக்குச் சொன்னது போலவே இங்கு தருகிறேன். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். முதலில் எம், ஓ, யு, என், டி. ஒரு இடைவெளி. மைனஸ் குறி, அதை ஒட்டி ஓ. இடைவெளி. ஏ, என், ஓ, என். இடைவெளி. இப்போது சர்வரின் எண் 192.168.1.10, அதை ஒட்டியே மேலும் கீழுமாக உள்ள இரட்டைப் புள்ளி, அதை ஒட்டியே வலப்பக்கம் சாய்ந்த கோடு (/), பின் போல்டரின் பெயர். எங்களுடையது ஸ்டுடியோ. இடைவெளி. கடைசியாக இசட், அதை ஒட்டி மீண்டும் இரட்டைப் புள்ளி. என்டர்.

இசட் டிரைவ் வெற்றிகரமாக இணைக்கப்பட்டது என்ற செய்தி ஆங்கிலத்தில் வரும். எக்ஸ்ப்ளோரரில் திஸ் பிசி பகுதிக்குப் போய்ப் பாருங்கள், புது டிரைவ் வந்திருக்கும். போல்டரின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு.

செய்திக்குப் பதிலாக எர்ரர் 53 வந்தால், சர்வரை அடைய முடியவில்லை என்று பொருள். லேப்டாப் அதே வை-பியில் இருக்கிறதா என்று பாருங்கள். பின் ஷோமவுண்ட் என ஒரே சொல்லாக டைப் செய்து, இடைவெளி விட்டு, மைனஸ் குறியுடன் ஈ, இடைவெளி, சர்வரின் எண் கொடுத்து என்டர் தட்டுங்கள். சர்வர் எந்தெந்த போல்டர்களைப் பகிர்கிறது என்ற பட்டியல் வரும். வந்தால் போல்டர் பெயரில்தான் தவறு. வராவிட்டால் சர்வரின் பயர்வால் தடுக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் கிளையன்ட்டுக்கு என்.எப்.எஸ். 2, 3 ஆகிய பதிப்புகள் மட்டுமே தெரியும். நாஸ் பெட்டியில் பதிப்பு 4 மட்டும் ஆன் செய்யப்பட்டிருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. பதிப்பு 3ஐயும் ஆன் செய்யுங்கள்.

படம் தெரிகிறது, பெயர் மாற்ற முடியவில்லை

அடுத்த நாள் வந்த புகார் இது. லினக்ஸ் ஆட்களைப் பெயரால் அல்ல, எண்ணால் அடையாளம் காணும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் முதல் பயனாளரின் எண் 1000. விண்டோஸிலிருந்து நாம் போகும்போது நமக்கு அங்கே எண் இல்லை. எனவே விண்டோஸ் நம்மை -2 என்ற பெயர் தெரியாத ஆளாக அனுப்புகிறது. கேட்டைத் திறந்து விட்டாலும், எந்தப் பொருளையும் தொடவிடாத வீட்டு விருந்தாளி மாதிரிதான் நம் நிலை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். பல இடங்களில் சொல்லப்படுவது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கிளையன்ட் பார் என்.எப்.எஸ். பகுதியில் அனானிமஸ் யு.ஐ.டி., அனானிமஸ் ஜி.ஐ.டி. என்ற இரண்டு மதிப்புகளை உருவாக்கி 1000 என்று கொடுப்பது. இதில் ஒரு பள்ளம் உண்டு. அந்தக் கட்டம் வழக்கமாக ஹெக்ஸாடெசிமல் முறையில் திறக்கும். டெசிமலுக்கு மாற்றாமல் 1000 என்று டைப் செய்தால் விண்டோஸ் அதை 4096 என்று எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. நான் சர்வர் பக்கமே சரிசெய்தேன். எக்ஸ்போர்ட்ஸ் பைலில் ஆல் ஸ்குவாஷ் என்ற சொல்லையும், அனான் யு.ஐ.டி., அனான் ஜி.ஐ.டி. இரண்டுக்கும் 1000 என்பதையும் சேர்த்தால், யார் வந்தாலும் அவரை எண் 1000 ஆகவே நடத்து என்று பொருள். விண்டோஸில் எதையும் தொட வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்கள் எங்கே போயின?

அப்பா போல்டர்களுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பார். ஆண்டு, ஊர், விசேஷம் என்ற வரிசையில். லேப்டாப்பில் ஆண்டு மட்டும் சரியாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் தலையில் தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரிசை கட்டி நின்றன. "வைரஸ் வந்துடுச்சா?" என்று பயந்துவிட்டார்.

வைரஸ் இல்லை. லினக்ஸ் பைல் பெயர்களை யு.டி.எப்.-8 என்ற முறையில் எழுதுகிறது. அதில் க, கால், கொம்பு என ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்கள் வேண்டும். விண்டோஸின் என்.எப்.எஸ். கிளையன்ட்டோ பெயர்களை ஆன்சி என்ற பழைய முறையில், ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று படிக்கிறது. எனவே ஒரு தமிழ் எழுத்து மூன்று விசித்திர எழுத்துகளாக உடைகிறது. கமாண்ட் ப்ராம்ட்டில் மவுண்ட் என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டினால், இணைப்பின் விவரங்களில் மொழிக்கு எதிரே ஆன்சி என்று இருப்பதைப் பார்க்கலாம். இதற்கு ஜப்பான், சீனா, கொரியா மொழிகளுக்கான மாற்று வழிகளைக் கொடுத்திருக்கிறார்கள். நமக்குக் கொடுக்கவில்லை.

ஆனாலும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் செல்லுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, சேஞ்ச் சிஸ்டம் லொகேல் பட்டனை அழுத்துங்கள். கீழே பீட்டா என்று தொடங்கும் வரியில் யூனிகோட் யு.டி.எப்.-8 பற்றிய ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்து ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால், ஆன்சி என்ற இடத்தில் விண்டோஸ் யு.டி.எப்.-8ஐப் பயன்படுத்தும். அப்பாவின் லேப்டாப்பில் பெயர்கள் எல்லாம் தமிழில் திரும்பி வந்தன. யூனிகோட் வருவதற்கு முந்தைய பழைய தமிழ் டைப்பிங், டி.டி.பி. சாப்ட்வேர்கள் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். இந்த மாற்றத்தால் அவற்றில் எழுத்துகள் குழம்பக்கூடும். குழம்பினால் அதே இடத்தில் டிக்கை எடுத்துவிடலாம். இன்னொன்று, பெயர்கள் உடைந்து தெரியும்போது எந்த பைலுக்கும் பெயர் மாற்றாதீர்கள். நீங்கள் உடைந்த பெயரில் ஒரு பகுதியைத் திருத்தப் போக, உடைந்த பெயரே நிரந்தரமாகிவிடும்.

ரீசைக்கிள் பின் இல்லாத டிரைவ்

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது மாதம், அப்பா ஒரு போல்டரை லேப்டாப்பின் டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்தார். பிறகு ஒரே போல்டர் இரண்டாக இருப்பதைப் பார்த்து, ஒன்றை அழித்தார். அழித்தது இசட் டிரைவில் இருந்ததை. டெஸ்க்டாப்பில் இருந்ததோ, காப்பி ஆகும்போது நடுவில் நின்று போன பாதி போல்டர். "ரீசைக்கிள் பின்ல இருக்கும்ல, எடுத்துக்கலாம்ப்பா" என்றார் நிதானமாக.

இருக்காது. நெட்வொர்க் டிரைவில் அழிக்கும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராகப் போய்விடும். அழிக்கும் முன் விண்டோஸ் நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்கத்தான் செய்கிறது. ஆனால் விண்டோஸ் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் யெஸ் கொடுத்துப் பழகியவர்தானே நாம் எல்லோரும்! தவறு அப்பாவுடையது அல்ல. பார்ப்பதற்கு மட்டும் தேவையான படங்களுக்கும் முழு அனுமதி கொடுத்து வைத்தது நான். வெளியில் ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் பேக்அப் இருந்தது. ஆனால் அது மூன்று வாரம் பழையது. அந்த மூன்று வாரத்தில் ஸ்கேன் செய்தவை போய்விட்டன.

இப்போது சர்வரில் இரண்டு போல்டர்கள் பகிரப்படுகின்றன. முடிந்த படங்கள் உள்ளது இசட் டிரைவ். அதற்கு எக்ஸ்போர்ட்ஸ் பைலில் ஆர், ஓ, அதாவது படிக்க மட்டும். புதிதாக ஸ்கேன் செய்பவை போவது ஒய் டிரைவுக்கு; அதற்கு மட்டும் ஆர், டபிள்யு. சரிபார்த்த பின் நான் சர்வரிலேயே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுகிறேன். சர்வர் தினமும் இரவு யு.எஸ்.பி. டிஸ்க்குக்குத் தானாகவே பேக்அப் எடுக்கிறது. நீங்கள் முதல் நாளே இப்படிப் பிரித்துவிடுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்கவில்லையே?

பலருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். என்.எப்.எஸ். பதிப்பு 3 சாதாரணமாக பாஸ்வேர்ட் கேட்பதில்லை. வருபவரின் ஐ.பி. முகவரியையும் எண்ணையும் நம்பிக் கதவைத் திறக்கிறது. பைல்களும் ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் அப்படியே பயணிக்கின்றன. வீட்டுக்குள் இது போதும். ஆனால் வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் 2049, 111 ஆகிய போர்ட்களை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். வீட்டு வை-பி பாஸ்வேர்டை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்திருந்தால், படங்களையும் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் அந்தக் கட்டளையை டைப் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். நோட்பேடில் அதே வரியை எழுதி, பெயரின் இறுதியில் புள்ளி வைத்து பி, ஏ, டி என்று முடியுமாறு டெஸ்க்டாப்பில் சேவ் செய்யுங்கள். சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் ஆல் பைல்ஸ் என்று மாற்ற மறக்க வேண்டாம். லேப்டாப்பை ஆன் செய்து வை-பி இணைந்தபின் அந்த பைலை டபுள் கிளிக் செய்தால் டிரைவ் வந்துவிடும். இதைத் தானாக இயங்கும் ஸ்டார்ட்அப் போல்டரில் போட்டுப் பார்த்தேன். வை-பி இணையும் முன்பே கட்டளை ஓடி, எர்ரர் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. டபுள் கிளிக்கே மேல் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்ததும் டிரைவைக் கழற்ற, கமாண்ட் ப்ராம்ட்டில் யு, எம், ஓ, யு, என், டி, ஒரு இடைவெளி, இசட், இரட்டைப் புள்ளி கொடுத்து என்டர் தட்டுங்கள். யு-வுக்குப் பின் என் கிடையாது. அதையும் ஒரு பைலாக்கி அப்பாவின் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு "கடை திறப்பு", மற்றதற்கு "கடை அடைப்பு" என்று அவரே பெயர் மாற்றிக்கொண்டார். தொலைந்து போன மூன்று வாரப் படங்களில் ஏறக்குறைய பாதியை மறுபடியும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டார்.